வீட்டுக்கு ஒருவர்

உண்ணாமலைக்குப் பத்தாம் வகுப்பில் மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பத்தியம் போட்டார்கள், உடம்பு தேறியது. அந்த வருஷத்துப் பரீட்சை மட்டும் போய்விட்டது. மறு ஜூனில் அவள் பள்ளிக்கூடம் திரும்பியபோது, அவளுக்கு அடுத்துப் பிறந்த தம்பி மாறன் அதே வகுப்பில் உட்கார்ந்திருந்தான். அதிலிருந்து இருவரும் ஒரே வருஷத்துப் பிள்ளைகளாகவே மேலே வந்தார்கள். வீட்டுக்கு அது ஒருவகையில் சிக்கனமாகவும் போயிற்று. புத்தகம் ஒரு செட் போதும், சைக்கிள் ஒன்று போதும். மாறன் மிதிப்பான், இவள் கேரியரில் இரண்டு பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். அவனுக்குப் பேச்சு வரும், இங்கிலீஷ் கொஞ்சம் தைரியமாக வரும். இவளுக்கு மார்க் வரும், ஆனால் அதை வைத்து அவனைக் குத்திக் காட்டியதில்லை.

அப்பா முருகையனுக்கு வேங்கிக்காலைத் தாண்டிக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. மழை வந்தால் மல்லாட்டை என்கிற நிலக்கடலை விளையும், வராவிட்டால் ஆடு மேயும். திருவண்ணாமலை தனி மாவட்டமானதும் வேங்கிக்கால் பக்கம் ஒவ்வொன்றாக அலுவலகங்கள் வந்தன. முருகையன் நிலத்தை அண்ணனிடம் வாரத்துக்கு விட்டுவிட்டு, கலெக்டர் ஆபீஸ் போகிற சாலையில் டீக்கடை போட்டார். திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிறவர்களும் மற்ற நாட்களில் ஆபீஸ்காரர்களும் கடையை ஓட்டினார்கள். அம்மா சரசு விடியற்காலையிலேயே வடைக்கு அரைத்துவிடுவாள். கடைக்குப் பின்னால் தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கிளாஸ் கழுவுவது உண்ணாமலையின் வேலை. பௌர்ணமி என்றால் மாறனும் கல்லூரிக்குப் போகமாட்டான். கிரிவலக் கூட்டத்துக்குப் பால் காய்ச்சிக் கை ஓய்ந்துவிடும்.

அரசு கலைக் கல்லூரியில் அவள் கணிதமும் அவன் இயற்பியலும் படித்து முடிக்கிற வருஷம், 2000. அப்போது எங்கு பார்த்தாலும் எம்.சி.ஏ. என்பதே பேச்சு. எம்.சி.ஏ. முடித்தால் அமெரிக்கா என்று பஸ் ஸ்டாண்டில் வெற்றிலை விற்கிறவர்கூடச் சொல்லுவார். அக்காளும் தம்பியும் சென்னையில் ஒரே கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு எழுதினார்கள். இருவருக்கும் இடம் கிடைத்தது. சம்பளம் கட்ட வழியில்லை. பாங்கில் கடன் கேட்டபோது ஜாமீன் கேட்டார்கள், நிலத்துப் பட்டாவோ அண்ணன் தம்பி எல்லோர் பேரிலும் கூட்டாகக் கிடந்தது.

அப்போதுதான் கல்லூரி அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளைப் பார்த்தார்கள். சென்னையில் பம்பு மோட்டார் செய்கிற ஒரு கம்பெனி, வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைகள் மேற்படிப்புப் படிக்க உதவித்தொகை தருகிறது. காலேஜ் சம்பளம், ஹாஸ்டல், புத்தகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. படிப்பு முடியும்வரை அரியர் வைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

"ரெண்டு பேரும் போடலாம்டா," என்றாள் உண்ணாமலை.

"போட்டா ஒருத்தருக்காவது வரும்," என்றான் மாறன்.

வேலூரில் எழுத்துத் தேர்வு, சென்னையில் நேர்காணல். இரண்டுக்கும் ஒன்றாகவே பஸ் ஏறிப் போனார்கள். கடைசியாக, வீட்டைப் பார்க்க ஒருவர் வருவார் என்று கடிதம் வந்தது.

வந்தவர் ஹைமவதி. கம்பெனியின் உதவித்தொகைப் பிரிவில் வேலை பார்க்கிற, முப்பது வயது இருக்கக்கூடிய பெண். அண்ணாமலையார் கோயில் குருக்கள் வீட்டுப் பெண். பெரியப்பா வீடு மாட வீதியில் இருந்ததால் இந்தப் பக்கத்து வீடுகளைப் பார்க்கும் வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். அவர் வந்தது பௌர்ணமிக்கு மறுநாள். வீட்டில் எல்லோருக்கும் கண் எரிந்துகொண்டிருந்தது. ஹைமவதி வீட்டைப் பார்த்தார், கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார், முருகையன் கொடுத்த டீயைக் குடித்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார்.

"ரெண்டு பேருமே தேறியிருக்காங்க. ஆனா எங்க விதிப்படி ஒரு வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான் குடுக்க முடியும். இன்னொருத்தர், எனக்கு வேண்டாம்னு தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பணும்."

"இதுல பேசறதுக்கு இன்னாம்மா இருக்குது," என்றார் முருகையன். "பையனுக்கே குடுத்துடுங்க. பொண்ணு கையெழுத்துப் போட்டுடும்."

உண்ணாமலை தகரத் தடுப்பின் ஓரத்தில் நின்றிருந்தாள். அப்பா அப்படித்தான் சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். தான் என்ன சொல்வோம் என்பது மட்டும் அந்த நிமிஷம்வரை தெரியாது.

"நான் போடமாட்டேன்," என்றாள்.

கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பியூன் கிளாஸை வாயருகே வைத்தபடி திரும்பிப் பார்த்தார். முருகையன் சிரித்துச் சமாளித்தார். "சும்மா சொல்லுதும்மா. நைட்டெல்லாம் தூக்கமில்ல."

"யாருக்கு மார்க் ஜாஸ்தி?" என்று மாறன் ஹைமவதியைக் கேட்டான்.

"அதை நான் சொல்லக்கூடாது. ஆபீஸ் இதுல தலையிடாது. நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. மாசக் கடைசிக்குள்ள கடிதம் வரலன்னா ரெண்டு பேருக்கும் இல்லன்னு ஆயிடும்."

ஹைமவதி டீக்குக் காசு கொடுத்தார். முருகையன் வாங்கவில்லை. ஹைமவதி அதைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு கம்மியாகிவிட்டது. முருகையன் மகளிடம் நேராகப் பேசுவதை நிறுத்தினார். "கிளாஸ் வரட்டும்" என்று காற்றைப் பார்த்துச் சொல்வார், கிளாஸ் வரும். செங்கத்திலிருந்து தாய்மாமன் காசி ஒரு பை கொய்யாப்பழத்தோடு வந்து இறங்கினார். குடும்பத்தில் எது சிக்கினாலும் அவிழ்க்க அவர் வருவது வழக்கம்.

"இன்னா உண்ணா, நாளைக்குக் கட்டிக்கினு போற பொண்ணு நீ. நீ படிச்சா அந்த வீட்டுக்கு. அவன் படிச்சா இந்த வீட்டுக்கு. இதுகூடத் தெரியாதா உனக்கு?"

"தெரியுது மாமா."

"அப்புறம்?"

"எனக்கும் படிக்கணும்."

அவள் அழுவாள், அதட்டினால் பணிவாள் என்று நினைத்துத்தான் காசி வந்திருந்தார். அவள் அழவில்லை. அவர் கொய்யாப்பழத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு மாலை பஸ்ஸில் திரும்பினார்.

மாறன் முதலில் இதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டான். மாசக் கடைசி நெருங்க நெருங்க அவனுக்கும் முகம் இறுகியது. ஒருநாள் பால் கேனை இறக்கி வைத்துவிட்டு அவளிடம் வந்தான்.

"நீ போடலன்னா ரெண்டு பேருக்கும் போயிடும். அதுதான் உனக்கு வேணுமா?"

"நீ போட்டா எனக்கு வரும்."

"நான் ஏன் போடணும்?"

"நான் ஏன் போடணும், அதச் சொல்லு."

அவன் திரும்பிப் போய்க் கேனைத் தூக்கினான். பதில் என்றால் மாமா சொன்னதைத்தான் சொல்லியிருக்க வேண்டும், அதைச் சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்திருக்கும். தான் செய்வது நியாயம் என்று உண்ணாமலையும் ஒரு நாளும் முழுசாக நம்பவில்லை. தம்பிக்கும் அதே அளவு நியாயம் இருந்தது. ஆனால் பேனாவைக் கையில் எடுத்தால் எழுதிவிடுவோம் என்ற பயத்தில் அந்த நாட்களில் அவள் பேனாவையே தொடவில்லை.

சரசு இந்த நாட்களில் வாயே திறக்கவில்லை. ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம், எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு மகனைக் கேட்டாள். உண்ணாமலை தடுப்புக்குப் பின்னால் இருந்தாள். அவள் அங்கே இருப்பது அம்மாவுக்குத் தெரியும்.

"இது வரலன்னா நீ இன்னாடா பண்ணுவ?"

"பெங்களூரு போவேன். ராமலிங்கம் கூப்டுக்கினேதான் இருக்கான். கூரியர் ஆபீஸ்ல வேலை இருக்குதாம்."

"இது வரலன்னா அவ இன்னா பண்ணுவா?"

மாறன் காலி கிளாஸ்களை எடுத்து அடுக்கினான்.

"தை மாசம் உங்க மாமன் காட்டற எடத்துல குடுத்துடுவாரு உங்கப்பா. அதான் அவ பண்றது," என்றாள் சரசு. போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. மறுபடி சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது மாறன் கடிதத்தை எழுதினான். அழகான கையெழுத்து அவனுடையது. எழுதியதை உண்ணாமலையிடம் கொடுக்காமல் அப்பாவின் கல்லாப் பெட்டிமேல் வைத்தான்.

"போட்டுட்டேன். இனிமே இந்த வீட்ல யாரும் என்னை எதுவும் கேக்கக் கூடாது."

முருகையன் எழுந்து அவன் தோளைப் பிடித்தார். "டேய், அவசரப்படாத. இன்னும் ரெண்டு நாள் இருக்குது, அது மனசு மாறும்."

"மாறாதுப்பா. அவளப் பத்தி எனக்குத் தெரியும்," என்றான் மாறன். மறுநாள் ஓசூர் பஸ் ஏறிப் பெங்களூர் போனான்.

உண்ணாமலையை ஹாஸ்டலில் விட முருகையனே வந்தார். டிரங்குப் பெட்டியைப் பாரிமுனை பஸ் ஸ்டாண்டிலிருந்து அவரே தோளில் தூக்கி வந்தார். வழியெல்லாம் சேர்த்து அவர் மகளிடம் பேசியது ஒன்றுதான்: "கைய வெளிய நீட்டாத."

சென்னையில் மூன்று வருஷம் அவள் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. தமிழில் படித்து வந்த கணக்கெல்லாம் இங்கிலீஷில் வேறு முகம் காட்டியது. கம்ப்யூட்டர் லேபில் மற்றவர்கள் பேசிக்கொண்டே தட்டச்சு செய்வார்கள், இவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடுவாள். அரியர் வைத்தால் பணம் நின்றுவிடும் என்பதால் தப்பித் தவறிக்கூட ஒரு தாளை விடாமல் படித்தாள். இரண்டாம் வருஷம் கை பழகியது. அதே சமயம் ஊர் நிலவரம் மாறியது. அமெரிக்காவில் கம்பெனிகள் மூடுகின்றன என்றார்கள். முந்தைய வருஷம் வேலைக்கான ஆர்டர் வாங்கியிருந்த சீனியர்கள், எப்போது வந்து சேரலாம் என்று கேட்டுப் போன் போட்டுக்கொண்டே இருந்தார்கள். கல்லூரிக்கு ஆள் எடுக்க வருகிற கம்பெனிகள் வருவதை நிறுத்தின.

பம்பு கம்பெனி ஆண்டுதோறும் உதவித்தொகை பெறும் பிள்ளைகளை ஒரு ஓட்டலுக்கு அழைத்து மத்தியானச் சாப்பாடு போடும். ஒவ்வொருவராக எழுந்து குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலர் அழுதுவிடுவார்கள். உண்ணாமலை எழுந்து, "அப்பா டீக்கடை வச்சிருக்காரு. தம்பி பெங்களூர்ல வேலை செய்யறான்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவாள். அதற்கும் கை தட்டுவார்கள். ஹைமவதி அவளை ஒரு பார்வை பார்ப்பார், தனியாக எதுவும் கேட்கமாட்டார்.

2003இல் நல்ல மார்க்கோடு முடித்தாள். வேலை இல்லை. ஆறு மாதம் சென்னையில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கி அலைந்து பார்த்துவிட்டு ஊருக்கே வந்தாள். செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஈஸ்வர் என்பவர் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். வெள்ளைக்காரர்கள் மெயில் பார்க்க வரும் இடம். அங்கே அவளுக்கு வேலை கிடைத்தது. கரண்ட் போனால் ஏன் போயிற்று, லைன் வராவிட்டால் எப்போது வரும் என்று நாள் முழுக்க இங்கிலீஷில் சமாதானம் சொல்லுகிற வேலை. கல்லூரியில் மூன்று வருஷத்தில் வராத பேச்சு அங்கே ஆறே மாதத்தில் வந்தது.

மாறன் அதற்குள் கூரியரை விட்டு ஒரு செல்போன் கம்பெனியில் சேர்ந்து சூப்பர்வைசர் ஆகியிருந்தான். வீட்டுக்கு அவன் பணத்தில் மேல்தளம் ஏறியது. தீபத்துக்கு வருவான், அம்மாவிடம் பேசுவான், அப்பாவுக்கு வேட்டி எடுத்துத் தருவான். உண்ணாமலை எதிரே வந்தால் அந்த நேரம் பார்த்து அவனுக்குப் போன் வரும். ஒரு தீபத்தன்று கடையில் நல்ல கூட்டம். வழக்கமாக வரும் தாசில்தார் ஆபீஸ் ஆள் ஒருவர், கிளாஸ் கொண்டுவந்த உண்ணாமலையைப் பார்த்து, பொண்ணு என்ன படித்திருக்கிறது என்று முருகையனைக் கேட்டார். எம்.சி.ஏ. என்றார் முருகையன், தயக்கத்தோடு.

"எம்.சி.ஏ. கழுவுன கிளாஸ் சார்," என்றான் மாறன். "டீ டேஸ்ட்டு ஜாஸ்தியா இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். உண்ணாமலையும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தடுப்புக்குப் பின்னால் போய், கழுவின கிளாஸ்களையே மறுபடி கழுவினாள். அவன் அந்த இடத்தை எடுத்துக்கொண்டிருந்தால் அவனுக்கும் இதே கதிதான் வந்திருக்கும், தன்னைவிட மோசமாகக்கூட வந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றும். ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது. விட்டுக் கொடுத்ததால் அவன் பிழைத்தான் என்று சொல்ல அவளுக்கு வாய் இல்லை.

2005இல் ஊரைச் சுற்றிலும் இன்ஜினியரிங் கல்லூரிகள் ஆசிரியர்களைத் தேடின. அவளுக்கு ஒன்றில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. காலையில் கல்லூரி பஸ் கடை வாசலிலேயே நிற்கும். டிரைவருக்கு முருகையன் டீ கொடுத்து அனுப்புவார். மகள் மேடம் ஆனது அவருக்கு அப்படித்தான் உறைத்தது. மறு வருஷம் கல்யாணம். மாப்பிள்ளை சக்கரவர்த்தி, மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார், வேலைக்குப் போகிற பெண்ணாகத்தான் வேண்டும் என்று கேட்டு வந்தவர். மண்டபம், சமையல், ஜோடனை எல்லாம் மாறன் தலைமேல் போட்டுக்கொண்டு செய்தான். வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட்டான். மணமேடையில் மச்சானுக்கு மோதிரம் போட்டான். அக்காளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டத்தில் அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

2008இல் ஹைமவதியிடமிருந்து போன் வந்தது. உதவித்தொகை ஆரம்பித்துப் பத்து வருஷம் ஆகிறது, பழைய மாணவர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும் என்றார். சக்கரவர்த்திக்கு லீவு இல்லை. முருகையன் கடையை விட்டு நகரமாட்டார். "மாறனக் கூப்டு," என்றாள் சரசு. "அவன் இப்ப அம்பத்தூர்லதான இருக்கான்." அவனுக்குச் சென்னைக்கு மாற்றலாகியிருந்தது.

உண்ணாமலை அன்று முழுவதும் யோசித்துவிட்டுப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"எத்தினி மணிக்கு?" என்றான் மாறன்.

விழாவுக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தான். அவளுக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான். மேடையில் பேச்சுகள் முடிந்து சாப்பிடும் இடத்தில் ஹைமவதி தட்டோடு அவர்களிடம் வந்தார். தலையில் நரை வந்திருந்தது.

"நீங்கதான அந்தத் தம்பி? உங்க கடிதம் இன்னும் ஞாபகம் இருக்கு. அவ்வளவு அழகான கையெழுத்து."

"நான் அனுப்பாம இருந்திருந்தா இன்னா மேடம் பண்ணியிருப்பீங்க?" என்றான் மாறன்.

"ரெண்டு விண்ணப்பத்தையும் ஒதுக்கி வச்சிட்டு, பட்டியல்ல அடுத்த பேருக்குக் குடுத்திருப்போம்." ஹைமவதி சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு சாதத்தைப் பிசைந்தபடி, "அந்த விதியே இப்ப இல்லியே. உங்களுக்கப்புறம் ரெண்டு வருஷத்துலயே எடுத்துட்டாங்க. திண்டுக்கல் பக்கம் இரட்டைப் பிள்ளைங்க ரெண்டு பேரு தேறினாங்க, அவங்க அப்பா நேரா ஆபீசுக்கே வந்து உக்காந்துட்டாரு. எம்.டி. பாத்துட்டு, ரெண்டு பேருக்கும் குடுங்கன்னுட்டாரு," என்றார்.

"அவ்ளோதானா?" என்றான் மாறன்.

"அவ்வளவுதான். கேட்டாரு, குடுத்துட்டாங்க."

வேறு யாரோ கூப்பிட, ஹைமவதி போய்விட்டார். அக்காளும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாறனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. உண்ணாமலைக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

மறுநாள் ஞாயிறு என்பதால் அவனும் அவளோடு ஊருக்குக் கிளம்பினான். செஞ்சியில் பஸ் நின்றபோது அவன் இறங்கி, மிளகாய்ப்பொடி தடவிய வெள்ளரிக்காய் வாங்கி வந்து அவளிடம் ஒன்றை நீட்டினான்.

"அப்பாவும் ஒரு நட போய் ஆபீசுல உக்காந்திருக்கலாம்," என்றான்.

"நாமளும்தான் போயிருக்கலாம். தோணலியே."

அவன் வெள்ளரிக்காயைக் கடித்தான். "இப்ப கேட்டாலும் நான் அதுல கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாதுன்னுதான் சொல்லுவேன்."

"தெரியும்."

"நீ?"

"நானும் போட்டிருக்க மாட்டேன்."

அவன் தலையாட்டினான். அதில் கோபம் இருந்ததாக அவளுக்குப் படவில்லை. பஸ் கிளம்பியது. கீழ்பென்னாத்தூர் தாண்டும்போது மலை தெரிந்தது. அப்போது அவர்கள் வேறு பேச்சில் இருந்தார்கள். வேங்கிக்கால் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள், அப்பாவின் கடை போய்விடும், நோட்டீஸ் வந்திருக்கிறது. பின்பக்கத் தெருவில் ஒரு கடை அறை காலியாக இருக்கிறது என்றாள் உண்ணாமலை. அட்வான்ஸை ஆளுக்குப் பாதி போடலாம் என்றான் மாறன். அவர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்பதிலும் இருவருக்கும் சந்தேகமில்லை.

முருகையன் ஒத்துக்கொள்ளத்தான் இல்லை. எந்தத் தெருவுக்கும் போகமாட்டேன், ரோட்டுக்காரன் வந்தால் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார். மண் அள்ளுகிற வண்டி நாலு கடை தள்ளி வந்து நின்ற காலையில், மாறன் அம்பத்தூரிலிருந்து வந்தான், உண்ணாமலை கல்லூரிக்கு லீவு சொன்னாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருவரும் பெஞ்சின் இரண்டு முனைகளையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு பின்தெருவுக்கு நடந்தார்கள். பாய்லரை மட்டும் தொடக்கூடாது என்றார் முருகையன். அதை அவரே தூக்கிவந்தார்.